சிவப்பு மேசைத்துணி

கியூபெக் துறைமுகத்துக்கு வரும் எந்தக் கப்பலும் எங்களைக் கேட்டுத்தான் வர வேண்டும். உலகம் சுற்றிய கேப்டனானாலும் எங்கள் ஆற்றில் தனியாக வந்துவிட முடியாது. ஆறு தெரிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி வழி சொல்ல வேண்டும்.

அப்பா பைலட். ஓர்லேயான் தீவில் இருந்த எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பார். அம்மா மாடி ஜன்னலில் நின்று சிவப்பு மேசைத்துணியை ஆட்டுவாள். அப்பா இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டாள்.

போன ஞாயிறு மதியம் முதன்முதலாக நான் பைலட்டாக ஒரு பயணிகள் கப்பலைக் கொண்டுவந்தேன். தீவு தெரிந்ததும் ஹாரனை அழுத்தினேன்.

உடனிருந்த பைலட் ரெஜான் சிரித்தான். "யாரை எழுப்புறே மரீஸ்? அந்த வீட்ல எலிகூட இல்ல."

"சுவராவது கேக்கட்டும், யார் வர்றதுன்னு."

மாடி ஜன்னல் திறந்திருந்தது. சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. ரெஜான் பைனாகுலரில் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தான்.

அம்மாதான் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மா துறைமுகத்தில் நின்று, "என் பொண்ணு கொண்டுவந்த கப்பலாக்கும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேசைத்துணி எங்கேம்மா?"

அம்மா என் காலரைச் சரிசெய்தாள்.

"காலைல எடுத்துட்டு வரத்தான் வீட்டுக்குப் போனேன். உங்கப்பா தரல. 'இத்தனை வருஷம் நீ ஆட்டினே, இன்னிக்கு நான் ஆட்டுறேன்'னுட்டார்."