விரலைப் பிடித்தால் பட்டம்

டோபி சிவப்பு மையால் ஒரே ஓர் எழுத்தைத்தான் அடித்தான். ஹெஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அவன் லத்தீன் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தின் கையேடு அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்திருந்தது. அதில் அவன் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. (கேண்டப்)' என்று இருந்ததை 'எம்.ஏ. (கேண்டப்)' ஆக்கியிருந்தான். கேண்டப் என்றால் கேம்பிரிட்ஜ் பட்டம். பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனி மவுசு.

"நீ எப்போ எம்.ஏ. படிச்சே?"

"படிக்கலையே." டோபி வாட்டிய ரொட்டியில் மார்மலேட் தடவினான். "சனிக்கிழமை வாங்கிடுவேன்."

"பரீட்சை?"

"அதெல்லாம் எதுக்கு? நாலு நாலு பேரா உள்ளே போவோம். ஒருத்தர் கையை நீட்டுவார். ஆளுக்கொரு விரலைப் பிடிச்சுக்கணும். அப்புறம் முட்டி போடணும். முடிஞ்சுது, எம்.ஏ. நீயும் வாயேன், வேடிக்கையா இருக்கும்."

ஹெஸ்டர் போலீஸ்காரி. இவனுக்காகவே லீட்ஸிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு மாற்றல் வாங்கி வந்து மூன்று மாதம் ஆகிறது. கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்தே நாள். மாப்பிள்ளை கையில் மோதிரத்துக்கு முன்னால் விலங்கு மாட்ட வேண்டி வருமோ?

மத்தியானம்வரை தவித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் ஆக்டனின் அறையில் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். டோபியின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டாள்.

ஆக்டன் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இருமல் போலிருக்கிறது.

"தெரிஞ்ச கும்பல்தான்மா. தலைவர் சிவப்பு அங்கியிலே வருவார். அவருக்கு முன்னாடி ரெண்டு பேர் வெள்ளித் தடியோட நடப்பாங்க."

"ஆயுதமா சார்?"

"கனமாத்தான் இருக்கும். செனட் ஹவுஸ் மண்டபத்துக்கு வந்துடு. நானும் உள்ளே இருப்பேன்."

"கைவிலங்கு?"

"உன் இஷ்டம்."

சனிக்கிழமை காலை, கைப்பைக்குள் விலங்கோடு செனட் ஹவுஸ் வாசலில் நின்றாள் ஹெஸ்டர். உள்ளே வெள்ளித் தடிகள் மின்னின. பெரிய நாற்காலியில் சிவப்பு அங்கி. எதிரே கறுப்பு அங்கியில் ஒரு வரிசை, அதில் டோபி.

"யார் அந்தச் சிவப்பு அங்கி?" என்று வாயிற்காவலரிடம் கிசுகிசுத்தாள்.

"பல்கலைக்கழகத் துணைவேந்தர்மா. இங்கே பி.ஏ. முடிச்சவங்களுக்குச் சில வருஷம் கழிச்சு எம்.ஏ. குடுப்பார். பரீட்சையே கிடையாது. அந்தக் காலத்துலேர்ந்து சட்டமே அப்படித்தான்." அவர் வட்டத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியூரா?"

ஹெஸ்டருக்கு முகம் காதுவரை சிவந்தது. கைப்பையை இறுக மூடினாள்.

உள்ளே ஒருவர் கையை நீட்டினார். நான்கு பேர் நெருங்கினார்கள். ஆள்காட்டி விரலைப் பிடித்த டோபி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அதே கையின் சுண்டுவிரலைப் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு நின்றார் இன்ஸ்பெக்டர் ஆக்டன்.