தலையில் ஒரு தட்டு

மரக்கதவு வைத்த பழைய டிவி ஒன்று பழைய சாமான் குடோனிலிருந்து சவரிமுத்துவின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பழைய டிவிகளைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பித்து. பழுதெல்லாம் நீக்கி, மரத்துக்குப் பாலிஷும் போட்டாயிற்று. பார்க்க வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வியந்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

"அந்தக் காலத்துல படம் மேலும் கீழுமா உருண்டா, வீடே எழுந்து வந்து என் தலையில தட்டும்," என்று பெருமூச்சு விட்டது டிவி. "இன்னைக்கு ஒருதரம் உருட்டிப் பாக்கப் போறேன்."

"சும்மா இருங்க அண்ணே," என்றது பக்கத்திலிருந்த ஸ்டெபிலைசர். "கோளாறுன்னு மறுபடி குடோன்ல போட்டுடுவாங்க. அந்த எலிங்களை மறந்துட்டீங்களா?"

டிவி மறக்கவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் படத்தை உருட்டியது.

"ஐயோ, இதைத் திருப்பிக் கொடுத்துடுங்க!" என்றாள் சவரிமுத்துவின் மனைவி ரெஜினா.

சவரிமுத்து எழுந்து வந்தார். அவர் கை தானாக உயர்ந்து, இடப்பக்க உச்சியில் ஓங்கி ஒன்று வைத்தது. படம் சட்டென்று நின்றது.

"எங்க அப்பா இதே இடத்துலதான் தட்டுவார்," என்று சிரித்தவர், கையை எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

"நகருங்க, நானும் ஒண்ணு தட்டுறேன்," என்று வந்தாள் ரெஜினா.

இருவரும் சாப்பிடப் போனதும் ஸ்டெபிலைசர் மெல்லக் கேட்டது.

"வலிச்சுதா அண்ணே?"

"இல்லடா தம்பி."

ஸ்டெபிலைசர் ஒருதரம் உறுமியது.

"அப்போ நாளைக்கு நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கட்டுமா?"