தந்தி அறுந்த பிற்பாதி

"பாதி ஆட்டம் முடிஞ்சிடுச்சு. நம்ம ஊர்ப் பையன் பேரு ஒரு தடவைகூட வரலையே, ஏன்?" என்று சீறினார் மாவு மில் முதலாளி டங்கல். அவர் தரும் விளம்பரத்தில்தான் அந்தச் சின்ன வானொலி நிலையமே ஓடியது.

இடைவேளை இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளன் லைல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"களத்துல இருபத்திரண்டு பேரு சார். எல்லார் பேரும் தந்தியில வராது."

"கதை விடாதே. 'டங்கல் மாவு ரொட்டி தின்னு வளர்ந்த காசிமிர்'னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கேன். அவன் அம்மாவையே கூட்டிட்டு வந்து உட்கார வச்சிருக்கேன். பிற்பாதியிலயும் அவன் பேரு வரலைன்னா, நாளைக்கு நீ இந்தப் படி ஏறாதே!"

ஊரெங்கும் வேலையில்லாத ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் அவை. இரண்டு வருடத்தில் இது லைலுக்கு மூன்றாவது வேலை. இதுவும் போனால் மாமனார் வீட்டுப் பன்றிக் கொட்டகைதான் கதி.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியன்ஷிப் ஆட்டம் நடந்தது நானூறு மைல் தள்ளி, சிகாகோவில். அங்கிருந்து தந்தியில் வரும் துண்டுச் சேதிகளைத் தந்தி ஆபரேட்டர் ஆர்வில் தட்டச்சு செய்து நீட்டுவான். லைல் அதற்குக் கை கால் வைத்து, நேரில் பார்ப்பதுபோல் மைக்கில் அளப்பான். கூட்டத்தின் கூச்சலுக்கு ஒரு கிராமபோன் தட்டு இருந்தது.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் காசிமிரின் தாய் ப்ரோனியா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

மைக் உயிரோடு இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பிற்பாதி தொடங்கியது. இரண்டு சேதிகள் வந்தன. மூன்றாவதாக ஆர்வில் நீட்டிய தாளில், "பனியில் கம்பி அறுந்துவிட்டது. இனி ஒன்றும் வராது" என்று இருந்தது.

கண்ணாடி வழியே டங்கல் முறைப்பது தெரிந்தது. சட்டென்று லைலுக்கு ஒரு குருட்டுத் தைரியம் வந்தது. கம்பி போனால் போகட்டுமே! கேட்கிறவன் எவன் சிகாகோவுக்கு ஓடிப்போய்ப் பார்க்கப் போகிறான்? நாளைப் பேப்பரில் வேறு மாதிரி வந்தால் பழியைத் தந்திக்காரர்கள் தலையில் போட்டுவிடலாம்.

"பந்து யார் கையில? அட, நம்ம காசிமிர்!"

ஆர்வில் தலையில் அடித்துக்கொண்டான். ப்ரோனியா துள்ளி எழுந்தாள்.

"ஒருத்தன் காலைப் பிடிக்கிறான், உதறிட்டான்! இன்னொருத்தன் முதுகுல தொங்குறான், அவனையும் சுமந்துக்கிட்டே ஓடறான்! இருபது கஜம்... பத்து... எல்லையைத் தாண்டிட்டான்! டச்டவுன்!"

வேறு வழியில்லாமல் ஆர்வில் கிராமபோனை முடுக்கினான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"மாடிப்படி ஏறினாலே தடுக்கி விழுவானே என் பிள்ளை!" என்று ப்ரோனியா அழுதுகொண்டே சிரித்தாள். அதைப் பார்க்க லைலுக்கு உள்ளூரக் கூசியது. ஆனால் டங்கல், 'இன்னும், இன்னும்' என்று கையை ஆட்டினார். ஆசை யாரை விட்டது? கால்மணி நேரத்துக்குக் காசிமிரைத் தவிர வேறு யார் கைக்கும் பந்து போகவில்லை. லைலின் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

பொறுக்க மாட்டாமல் டங்கல், ப்ரோனியாவை உள்ளே இழுத்து வந்து மைக் முன்னால் நிறுத்தினார்.

"பேசுங்கம்மா, ஊரே கேக்குது."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "காசிமிர், நல்லா ஓடினேடா கண்ணா. வேர்த்த உடம்போட பனியில நிக்காதே..."

கதவு திறந்தது. கையில் பெட்டியும் தோளெல்லாம் பனியுமாக ஆறடி உயரத்தில் ஒருவன் நின்றான்.

"காசிமிர்!" என்று அலறினாள் ப்ரோனியா. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வெள்ளிக்கிழமையே டீம்லேருந்து என்னைக் கழட்டி விட்டுட்டாங்கம்மா. வீட்டுக்கு வர வெட்கப்பட்டு, ரயிலடி காபிக் கடையில மூஞ்சியை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றவன், லைல் பக்கம் திரும்பினான். "அங்கே ரேடியோவுல நீங்க டச்டவுன்னு கத்தினதும், 'ஐயோ, நானா?'ன்னு எழுந்துட்டேன் சார். எல்லாருக்கும் மூஞ்சி தெரிஞ்சு போச்சு. அந்தக் கடையே இப்போ கீழே வாசல்ல வந்து நிக்குது."