நாய்க்கடிக்குச் சோப்பு

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி என்று யார் வந்தாலும் நேராக ஊசி போடுவதுதான் வழக்கம். அன்று காலைதான் புதிய சுற்றறிக்கை வந்திருந்தது. முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகே ஊசி.

பத்து மணிக்குச் செங்கமலம் நொண்டிக்கொண்டு வந்தாள். கெண்டைக்காலில் நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்பை அப்பியிருந்தாள். நர்ஸ் ரெஜினா அவளைக் குழாயடியில் உட்காரவைத்து, தேய்ந்து கிடந்த சோப்புத் துண்டைக் கையில் எடுத்தாள்.

தட்டில் காத்திருந்த தடுப்பூசி மருந்துக் குப்பி சிரித்தது. “ஏம்ப்பா, கை கழுவத்தானே உன்னை வச்சிருக்காங்க? வெறிநாய்க் கிருமியோட மோத நீ எதுக்கு? அதான் நான் ஐஸ்பெட்டியிலேருந்து இறங்கி வந்திருக்கேனே!”

“நீங்க உள்ள போய் வேலையைத் தொடங்க நாளாகும், அண்ணே. கிருமி இப்ப வாசல்லயே நிக்குது. முடிஞ்ச மட்டும் இங்கயே விரட்டணும்,” என்றது சோப்பு.

சுண்ணாம்பு கரைந்து ஓடியது. “எரியுது சிஸ்டர், போதும்,” என்றாள் செங்கமலம்.

“கடியாரத்தைப் பாருங்கக்கா. இன்னும் பாதிகூட ஆகல,” என்றாள் ரெஜினா.

பதினோராம் நிமிடத்தில் சோப்பு இலை போல மெலிந்துவிட்டது. குப்பியின் சிரிப்பு அடங்கியது. “தம்பி, நிறுத்திக்க. இல்லாமலே போயிடுவே.”

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு,” என்ற சோப்பு, ஆழமான பல் தடத்துக்குள் நுரையாக இறங்கியது.