பசுவுக்குத் தொங்கவிட்ட உப்புக்கட்டி

பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிக்கிற டானிக்கைப் பார்த்து நீங்களும் ஒரு பாட்டில் வாங்கினதுண்டா? ஒரு செம்மறி ஆட்டுக்கும் அப்படித்தான் ஆசை வந்தது.

மாட்டுக்கொட்டகையில் பசுவுக்காகத் தாது உப்புக்கட்டி ஒன்று தொங்கியது. பசு அதை நக்க ஆரம்பித்த பிறகு பால் நிறையக் கறந்தது. செம்மறிக்கோ தன் ஒற்றைக் குட்டிக்கே பால் போதவில்லை. ஒருநாள் அது தொட்டிமேல் முன்னங்காலை வைத்து எம்பி, கட்டியிடம் நாக்கை நீட்டியது.

"ஏய், நில்லுடி!" என்று பசு கொம்பைக் குறுக்கே வைத்தது.

"ஒரு நக்கு நக்கினா குறைஞ்சா போயிடுவீங்க அக்கா? உங்க மடி மட்டும்தான் நிறையணுமா?"

"கட்டி வந்த வாரம்தான் மழை பெஞ்சு பச்சைப்புல்லும் வந்துச்சு. எதனால பால் ஊறுச்சுன்னு எனக்கே தெரியாது. ஆனா இதுல செம்பு இருக்கு. எனக்குத் தாங்கும், செம்மறிக்குத் தாங்காது. மேலக்காட்டுச் செம்மறிக் கிடா இதே மாதிரிக் கட்டியைத் தினமும் நக்குச்சு. கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் சிவப்பாச்சு, படுத்தது எழுந்திரிக்கவே இல்லை."

செம்மறி காலைக் கீழே இறக்கியது. மூலையில் படுத்திருந்த குட்டியின் பக்கம் திரும்பவே பயந்தது. கட்டியிலிருந்து உதிர்ந்த துண்டுகளை இத்தனை நாளும் அந்தக் குட்டிக்குத்தான் அது நக்கக் கொடுத்திருந்தது.

"அக்கா, எனக்குத் தைரியமில்லை," என்றது. "என் குட்டியோட கண்ணை நீங்க கொஞ்சம் பாருங்களேன்."