அழாத பிள்ளை

அழுகிறான்.

பிறந்து பதினாறு நாள். முகம் செக்கச் செவேலென்று சிவந்து, தொட்டில் சேலை குலுங்க, ஊரைக் கூட்டுகிற அழுகை.

பெற்றவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் எட்டும்.

நீட்டவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும்.

கீழ்வீட்டு அம்மாள் படியில் பாதி ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அம்மணி, பையன் இந்தக் கத்துக் கத்தறானே, எடுக்கலாமில்ல?"

எடுக்கலாம். எடுத்தால் நிறுத்திவிடுவானே.

காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தின் முடிவு. கழுத்துச் சுரப்பி நன்றாக வேலை செய்கிறதாம், ஒரு குறையும் இல்லையாம். அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அந்த நர்ஸுக்கே அலுத்துவிட்டது.

போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று அழுதாள்.

எட்டு வருடம் பயந்து பயந்து பெற்ற இரண்டாவது பிள்ளை இவன்.

மூத்தவள் அழவே இல்லை.

மிருதுளா அப்படி ஒரு சமத்து. பால் கொடுத்தால் பாதியிலேயே தூங்கிவிடுவாள். விடிய விடியத் தூக்கம், விடிந்த பிறகும் தூக்கம். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பொறாமை.

"புள்ளைன்னா இப்பிடியல்ல இருக்கோணும்" என்றார்கள்.

பெற்றவளாவது சும்மா இருந்தாளா? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியில் தொடங்கி, பால்காரர் வரை பீற்றிக்கொண்டாள். கண் பட்டுவிடக் கூடாதென்று கன்னத்தில் இத்தனை பெரிய பொட்டு வேறு வைத்தாள்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று வீடே பூனை மாதிரி நடந்தது. டிவி ஊமையாக ஓடியது. பால் நேரம் தாண்டினாலும் எழுப்பவில்லை. நாக்கு கொஞ்சம் வெளியே தெரிந்தது. பெரிய வாயாடியாக வரப்போகிறாள் என்று சிரித்தார்கள்.

அப்போதும் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். குதிகாலில் ஒரு குத்து, அவ்வளவுதான்.

அவளுக்கு மனசு வரவில்லை. அழாத பிள்ளையை எதற்கு அழவைப்பது?

சீட்டை மடித்து பீரோவில் வைத்தாள்.

பதினோரு மாதமாகியும் பிள்ளை உட்காரவில்லை. அப்புறம்தான் பெரிய டாக்டரிடம் ஓடினார்கள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் கழுத்திலேயே விரல் வைத்துக் காட்டினார். இந்த இடத்தில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கும். அதில் ஊறுவது ரத்தத்தில் கலந்துதான் உடம்பை விழிக்க வைக்கும், பசிக்க வைக்கும், மூளையை வளர வைக்கும். இந்தக் குழந்தைக்கு ஸ்கேனில் அந்த இடம் காலி.

பிள்ளை சமத்தாக இருக்கவில்லை. அழத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறது.

முதல் மாதமே மாத்திரை தொடங்கியிருந்தால் மற்றப் பிள்ளைகளைப் போல வளர்ந்திருப்பாள் என்றார்.

எவ்வளவு பெரிய மாத்திரை என்று கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் எடுத்துக் காட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.

அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரை. ஒரு நாள் தவறியதில்லை. உடம்பு வளர்ந்தது. மற்றது, போனது போனதுதான். எட்டு வயதில் பத்து வரை எண்ணுகிறாள், ஏழு என்பதை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு. இவள் பாலர் வகுப்பில் கடைசி பெஞ்சு.

தொட்டிலில் அழுகை உச்சத்துக்குப் போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எவ்வளவு நல்ல தொண்டை. கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது, நெஞ்சு எரிந்தது.

பக்கத்து அறையிலிருந்து மிருதுளா எழுந்து வந்தாள்.

தம்பியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டாள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

வருகிற வழியில் கதவு நிலையில் காலை இடித்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் ரத்தம் கசிந்தது. அவள் அழவில்லை. விழுந்தாலும் இடித்துக்கொண்டாலும் அழமாட்டாள். எழுந்து, சமத்து என்று யாராவது சொல்வார்களா என்று சுற்றிலும் பார்ப்பாள். இந்த வீட்டில் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்பட்டது அது ஒன்றுதான்.

தொட்டிலுக்குள் குனிந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"தம்பி, அழுகாத. அக்கா... அழுகவே... மாட்டா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் பெருமை.

அம்மா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை மடியில் அடங்கவில்லை, கால்கள் தரையில் கிடந்தன. கசிகிற விரலை முந்தானையால் அழுத்திப் பிடித்தாள்.

"அழு கண்ணு. ஒருக்கா அழு."

மிருதுளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அம்மா சொன்னால் தட்டமாட்டாள்.

தம்பி செய்வதைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வாயை அகலத் திறந்தாள். கண்ணை இறுக மூடினாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, சரியாகச் செய்கிறோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.