மிச்சமான ஓ

கோபித்துக்கொண்டு வெளியூர் போன கணவன் எட்டாம் நாள் போனில் ஒரு வரி அனுப்பியிருந்தான். அந்தப் போனில் தமிழ் எழுத்து வராது. அதனால் ஆங்கிலத்தில், 'ஐ லூஸ் யூ'. தையல்காரி பவளக்கொடிக்கு லூஸ் என்றால் ரவிக்கை தொளதொளப்பது. என்னைக் கழற்றிவிட்டாரோ என்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, மிஷினை மிதிக்கக் காலும் ஓடவில்லை. ரவிக்கை வாங்க வந்த டீச்சரிடம் காட்டினாள்.

"ஓங்கிற எழுத்து ஒண்ணு போட்டா வினைச்சொல், தொலைக்கிறது. ரெண்டு போட்டா பெயரடை, தொளதொளன்னு இருக்கிறது. இவர் ரெண்டு போட்டிருக்கார்."

"நம்ம ஊர்ல அது பெயர்ச்சொல் டீச்சர். அவரு என்னைக் கூப்பிடறதே லூசுன்னுதான்."

டீச்சர் சிரித்துவிட்டார். "உன்னைத் தொலைச்சுட்டேங்கிறாரா, விட்டுட்டேங்கிறாரா, அதை அவர்தாம்மா சொல்லணும்."

டீச்சர் போன பிறகும் பவளக்கொடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஓக்களும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. ஒன்றை விரலால் தொட்டாள். அது கழன்று, மெட்டி போல உருண்டு வந்து அவள் மடியில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

யார் துணியிலும் மிச்சத்தை அவள் வைத்துக்கொண்டதில்லை. சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். போனை வாயருகே பிடித்து, "ஒரு ஓ மிச்சமிருக்கு. வந்து வாங்கிக்கோங்க" என்று பேசி அனுப்பினாள்.

பதில் வரவில்லை. கடையைச் சாத்தும்போது தாழ்ப்பாளை மட்டும் லூசாக விட்டாள்.